பதினொரு மணி ஆக்சிஜன்

அவன் எங்கள் அலுவலகத்தில் சேர்ந்த முதல் வாரத்திலேயே எனக்கு அவனைப் பிடிக்காமல் போனது. அப்போது யாராவது காரணம் கேட்டிருந்தால் எதையாவது சொல்லியிருப்பேன். சத்தமாகச் சிரிக்கிறான், சேற்றுப் பூட்ஸோடு மாடிப்படி ஏறி வருகிறான், ஈரக் குடையை என் மேசைக்குப் பக்கத்தில் விரித்து வைக்கிறான் என்று. உண்மையான காரணம் ஒன்றுதான். அவன் பேசும்போது எங்கள் மேலாளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். நான் பேசும்போது அவர் எழுதிக்கொண்டேதான் கேட்பார். பதினெட்டு வருடமாக அப்படித்தான்.

மலாய் நாட்டுத் தீவொன்றில், ஜார்ஜ் டவுன் நகரில், ஒரு பழைய கடைவீட்டின் மேல்தளத்தில் இருக்கிறது எங்கள் அலுவலகம். கீழே நாசி கண்டார் விற்கும் சோற்றுக் கடை. பதினொன்றரைக்கே மீன் குழம்பு வாசம் படியேறி வந்துவிடும். அந்த வாசத்துக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு நாங்கள் செய்வது கழிவுநீர்க் கணக்கு. வீடுகளில் குளித்த தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர், கழிப்பறைத் தண்ணீர் எல்லாம் ஒரு சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. அங்கே சுத்தமாக்கி ஆற்றிலோ ஓடையிலோ விடுகிறார்கள். சுத்தமாக்கினாலும் கொஞ்சம் அழுக்கு மிஞ்சத்தான் செய்யும். எவ்வளவு மிஞ்சினால் அந்த ஓடை தாங்கும், எதற்கு மேல் போகக் கூடாது என்று சொல்வதுதான் எங்கள் வேலை. அந்த எண்ணுக்கு வரம்பு என்று பெயர்.

வரம்பு போடுவது என் தொழில், என் கர்வமும் கூட. முதுகலைப் பட்டத்துக்கு அதைத்தான் படித்தேன். அவனோ எட்டு வருடம், கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம் பெருநிலத்திலுள்ள பிறையில், ஒரு தொழிற்சாலையின் சுத்திகரிப்பு நிலையத்தில் ஷிப்ட் பார்த்தவன். அதற்கு நடுவே பகுதிநேரமாகப் படித்துப் பட்டம் வாங்கியிருந்தான். வயது முப்பத்துநாலு. என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவன். முதல் நாளிலிருந்தே என்னை அக்கா என்று கூப்பிட்டான். நானும் தம்பி என்று கூப்பிட்டேன். வெளியே பார்ப்பவர்களுக்கு நாங்கள் நல்ல ஜோடி. நான் கணக்கு, அவன் களம்.

போன வருடம் ஜனவரியில் அந்த ஓடை எங்களிடம் வந்தது.

தீவின் நடுவே, மலையடிவாரத்தில், ஏற்கெனவே இருந்த அடுக்குமாடி வீடுகளுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு கட்டடங்கள் எழும்பப் போகின்றன. பழைய சுத்திகரிப்பு நிலையத்தைப் பெரிதாக்க வேண்டும். அதிலிருந்து வரும் தண்ணீர் போய்ச் சேரும் இடம் அந்த ஓடை. வரைபடத்தில் மெல்லிய நீலக் கோடு, பெயர் கிடையாது. அகலமான இடத்தில்கூட ஒரு ஆள் தாண்டிக் குதித்துவிடலாம். நாட்டுக்குப் பொதுவான வரம்புகள் இருக்கின்றன. ஆனால் இவ்வளவு சின்ன ஓடைக்கு அவை போதுமா, இன்னும் இறுக்க வேண்டுமா என்று அனுமதி தரும் அரசுத் துறை எங்களிடம் கேட்டிருந்தது.

மேலாளர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். அவர் ஒரு சீனப் பெண்மணி, என்னைவிடப் பத்து வயது மூத்தவர், வார்த்தையை அளந்து பேசுபவர். "ஓடையை அவர் பார்க்கட்டும், எண்ணை நீங்கள் போடுங்கள்" என்றார். பிறகு அவன் பக்கம் திரும்பி, அங்கே என்ன இருக்கிறது என்று உன் கண்ணால் பார்த்துச் சொல், எனக்கு அதுதான் முக்கியம் என்றார். அந்தக் கடைசி வாக்கியம் ஒரு வாரம் என் காதிலேயே இருந்தது. அப்படியானால் என் எண் என்ன, இரண்டாம் முக்கியமா?

அந்தக் கணக்கு கேட்கப் பயமாக இருக்கும், ஆனால் அடிப்படை எளிது. ஒரு கரண்டி ரசத்தை ஒரு வாளி தண்ணீரில் ஊற்றினால் ருசி தெரியாது. அதே கரண்டியை ஒரு குவளைத் தண்ணீரில் ஊற்றினால் தெரியும். ஆகவே ஓடையில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்பதுதான் முதல் கேள்வி. அதுவும் மழைக்காலத்துத் தண்ணீர் அல்ல, வருடத்திலேயே மிகக் குறைவாக ஓடும் நாட்களின் தண்ணீர். எங்கள் ஊரில் அது ஜனவரி, பிப்ரவரி. அந்த ஓடையில் அளவுகோல் எதுவும் கிடையாது. அதனால் பக்கத்திலிருந்த, அளவுகோல் வைத்த ஓர் ஆற்றின் கணக்கை எடுத்து, மலைச்சரிவின் பரப்புக்கு ஏற்றபடி சுருக்கி, இந்த ஓடைக்கு இவ்வளவு என்று கண்டுபிடித்தேன். அது எல்லோரும் செய்கிற முறை. நாலு நாள் வேலை. சுத்தமான, அழகான பதினோரு பக்கம். அம்மோனியாவுக்கு ஒரு வரம்பு, அழுக்கைத் தின்னும் கிருமிகள் இழுத்துக்கொள்ளும் ஆக்சிஜனுக்கு ஒரு வரம்பு, மிதக்கும் தூசிக்கு ஒரு வரம்பு. பொதுவான வரம்பைவிடக் கொஞ்சம்தான் இறுக்கம். ஓடை தாங்கும் என்று எழுதியிருந்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் அவன் வந்தான். சட்டையில் புல் விதை ஒட்டியிருந்தது.

"அக்கா, மேல கெபுன், அந்த டுரியான் தோட்டம் வரைக்கும் ஏறிட்டேன்."

"எதுக்கு? நமக்கு வேண்டியது நிலையத்துக்குப் பக்கத்துல உள்ள ஓடைதானே?"

"கீழ தண்ணி ரொம்பக் கம்மியா இருந்துச்சுக்கா. எங்க போவுதுன்னு பார்க்கப் போனேன். கெபுன்காரங்க பைப் போட்டு இழுக்கிறாங்க. கறுப்பு பைப். பதினேழு எண்ணினேன். டுரியான் மரத்துக்கு, ஜாதிக்காய்க்கு, ஒரு அங்கிள் வாழைக்குக்கூட. வெயில் காலத்துல எல்லாரும் சேர்ந்து இழுத்தா கீழ ஒண்ணும் வராதுலா. அந்த அங்கிளே சொல்றாரு, பிப்ரவரியில நீ பார்க்கிற தண்ணி எல்லாம் பிளாட்காரங்க தண்ணிதான்னு."

"எந்த பாஷையில சொன்னாரு?"

"ஹொக்கியன்லதான். பிறையில கத்துக்கிட்டது."

சீனர்களின் அந்த ஹொக்கியனில் எனக்கு மீன் வாங்கத் தெரியும், விலை குறைக்கத் தெரியாது. இந்தத் தீவிலேயே பிறந்து வளர்ந்தவள் நான். பாலத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும் இவன், என் ஊர் மலையில் ஏறி, என் ஊர்க் கிழவரிடம் அவர் மொழியிலேயே பேசி, என் பதினோரு பக்கத்தைப் பத்து நிமிடத்தில் உடைத்துவிட்டான். வாளித் தண்ணீர் என்று நான் கணக்குப் போட்ட இடத்தில் குவளைத் தண்ணீர்கூட இல்லை. ரசம் மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அவன் சொன்னது சரி. கேட்டவுடனே தெரிந்தது. "நல்லது தம்பி, படமெல்லாம் அனுப்பு" என்றேன். படங்களை அவன் எனக்கும் மேலாளருக்கும் சேர்த்தே அனுப்பினான். மேலாளர் மூன்று வார்த்தையில் பதில் போட்டார், மிகவும் நல்ல வேலை என்று. எனக்கு அப்படி ஒரு பதில் எப்போது வந்தது என்று அன்று சாயங்காலம் பழைய மின்னஞ்சல்களில் தேடினேன். தேடியதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது. ஆனால் தேடினேன். இரண்டு வருடம் பின்னால் போன பிறகு நிறுத்திவிட்டேன்.

வீட்டில் சாப்பிடும்போது கணவர் கேட்டார். "அந்தத் தம்பி இன்னிக்கு என்ன பண்ணினான்?"

"நான் அவனைப் பத்திப் பேசவே இல்லையே."

"உக்காந்ததுல இருந்து அவனைப் பத்திதான் பேசுற. பாவம்லா அவன், வேலையைச் செய்றான்."

"நான் என்ன, வேலை செய்யாம உக்காந்திருக்கேனா?"

அவர் குழம்புக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார். எனக்கு ரொட்டி இறங்கவில்லை.

அடுத்த திங்கள்கிழமை நான் வரம்புகளைத் திரும்பப் போட ஆரம்பித்தேன். ஓடையில் வேறு தண்ணீர் இல்லை என்றால் கலந்து நீர்த்துப்போகும் என்ற நம்பிக்கைக்கே இடமில்லை. நிலையத்தின் குழாயிலிருந்து விழும் தண்ணீரே ஓடை. அப்படியானால் அதிலேயே மீன் வாழ முடிய வேண்டும். வரம்புகள் மிகவும் இறுகின. நாங்கள் கேட்கப் போவது சின்ன விஷயமல்ல, காற்று ஊதும் தொட்டி ஒன்றைக் கூடுதலாகக் கட்டச் சொல்வதற்குச் சமம். கட்டடம் கட்டும் தரப்பு சும்மா விடாது. அதனால் அவன் சேகரித்த அளவுகள் எல்லாம் கேள்விக்கு நிற்க வேண்டும். அவற்றைச் சரிபார்ப்பது என் பொறுப்பு.

சரிபார்க்கும்போது நான் தவறு தேடினேன். இரண்டும் ஒன்றல்ல. சரிபார்ப்பவருக்கு எல்லாம் சரியாக இருந்தால் நிம்மதி வரும். எனக்கு ஒவ்வொரு பக்கமும் சரியாக இருக்கும்போது ஏமாற்றம் வந்தது.

ஏழாவது பக்கத்தில் கிடைத்தது. நிலையத்தின் குழாய்க்குக் கீழே, ஓடையில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் அட்டவணை. எண்கள் மிக நன்றாக இருந்தன, தேவைக்கு மேல் நன்றாக. சில நாட்களில் அந்தத் தண்ணீர் அந்த வெப்பத்தில் இயல்பாகத் தாங்கக்கூடியதைவிட அதிகமாகவே ஆக்சிஜன் இருந்தது. கழிவுநீர் மட்டுமே ஓடும் ஓடையில் அது எப்படி வரும்? பக்கத்துக் கட்டத்தில் அளந்த நேரத்தைப் பார்த்தேன். பத்து ஐம்பது. பதினொன்று ஐந்து. பதினொன்று. பதினொன்று பத்து. எல்லா நாளும் அதே நேரம்.

உடனே புரிந்துவிட்டது. கழிவுநீரில் உரச்சத்து உண்டு. அதனால் கல்லெல்லாம் பச்சைப் பாசி. வெயில் அடிக்கும்போது பாசி ஆக்சிஜனை வெளியே விடும். பதினொரு மணிக்கு அளந்தால் ஓடை ஆரோக்கியமாகத் தெரியும். இருட்டியதும் அதே பாசி ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். விடிவதற்குச் சற்று முன்புதான் ஓடை உண்மையில் எப்படி இருக்கிறது என்று தெரியும். அந்த நேரத்து அளவு ஒன்றுகூட எங்களிடம் இல்லை. ஏன் பதினொரு மணி என்பதும் எனக்குத் தெரியும். அவன் வீடு பிறைக்குப் பக்கத்தில். இரண்டு பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு, பாலம் தாண்டி வந்து, மலையடிவாரம் போய்ச் சேர அந்த நேரம் ஆகிவிடும்.

அப்போது நான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. மூன்று மேசை தள்ளி உட்கார்ந்திருந்தவனைக் கூப்பிட்டு, தம்பி இங்க வா, இதைப் பாரு என்று சொல்ல வேண்டும். மூச்சு விடும் நேரம்கூட ஆகாது.

நான் பென்சிலால் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் ஒரு சின்னக் கேள்விக்குறி போட்டேன். கோப்பை மூடினேன். காப்பி வாங்கக் கீழே போனேன். படியில் இறங்கும்போது உடம்பு லேசாக இருந்தது. பல மாதமாக அப்படி இருந்ததில்லை.

இரண்டு நாள் கழித்து அவனே வந்து கேட்டான்.

"அக்கா, என் டேபிள் எல்லாம் பார்த்துட்டீங்களா? ஏதாச்சும் இருந்தா சொல்லுங்கக்கா. மீட்டிங்ல அவங்க ஆளு ரொம்பக் கேள்வி கேப்பாராம்."

"பார்த்துட்டேன் தம்பி. எல்லாம் ஓகே."

"ஷுவரா?"

"ஓகேலா. போ."

அவன் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போனான். கூட்டத்துக்கு அப்போது பத்து நாள் இருந்தது. அந்தப் பத்து நாளில் எந்த நாளிலும் நான் சொல்லியிருக்கலாம். கூட்டத்தில் எப்படிச் சொல்வது என்று மட்டும் ஒத்திகை பார்த்தேன். குளிக்கும்போது பார்த்தேன், பாலத்தடிச் சிவப்பு விளக்கில் நிற்கும்போது பார்த்தேன். குரலில் அக்கறை இருக்க வேண்டும், அவசரம் இருக்கக் கூடாது. மேலாளர் என் பக்கம் திரும்புவதை நான் பார்க்காத மாதிரி இருக்க வேண்டும்.

கூட்டம் ஒரு குளிர்சாதன அறையில் நடந்தது. தலைமை தாங்கியவர் ஒரு மலாய் அதிகாரி, பொறுமையானவர். எதிரே கட்டடத் தரப்பின் பொறியாளர், எங்களுக்குப் பக்கத்தில் எங்கள் மேலாளர். பேச்சு பாதி மலாயிலும் பாதி ஆங்கிலத்திலும் போனது. பொறியாளர் தொடக்கத்திலேயே, இது சுங்கை என்னும் ஆறு இல்லை, வெறும் லோங்காங், அந்தச் சாக்கடைக்கு இவ்வளவு கடுமையான வரம்பு எதற்கு என்றார். அவன் எழுந்து பதினேழு பைப் படங்களைக் காட்டினான். மேலே தோட்டத்துக்குள் ஓடை எப்படித் தெளிவாக ஓடுகிறது என்று காட்டினான். அதிகாரி தலையாட்டினார். எல்லாம் அவன் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அப்போது ஆக்சிஜன் அட்டவணை திரையில் வந்தது.

நான் கையைத் தூக்கினேன். "ஒரு விஷயம். இந்த அளவுகள் எல்லாமே பதினொரு மணிக்கு எடுத்தவை. விடியற்காலை அளவு ஒன்றும் இல்லை. இதை வைத்து ஓடையின் நிலைமையை முடிவு செய்ய முடியாது என்று நினைக்கிறேன்."

மேலாளர் என் பக்கம் திரும்பினார். அவனும் திரும்பினான். அவன் முகத்தில் கோபம் இல்லை, கணக்கில் கூட்டல் தவறு என்று யாரோ காட்டியவனின் முகம். அந்த ஒரு நிமிடம் எனக்கு இனித்தது. இனிக்கவில்லை என்று எழுதினால் பொய்.

அடுத்த நிமிடம் எதிர்த்தரப்புப் பொறியாளர் நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டார். இவர்கள் ஆலோசகரே தங்கள் அளவுகளை நம்பவில்லையே என்றார். அப்படியென்றால் மற்ற எண்களை மட்டும் நாங்கள் ஏன் நம்ப வேண்டும்? திரையில் இருக்கும் ஆக்சிஜனைப் பாருங்கள், ஓடை நன்றாகத்தானே இருக்கிறது, பொதுவான வரம்பே போதும் என்றார். நான் வாயைத் திறந்தேன். உண்மையில் நிலைமை இதைவிட மோசமாக இருக்கும் என்பதுதான் என் கருத்து என்று சொல்லப் பார்த்தேன். ஆனால் அதற்கு என் கையில் ஓர் எண்கூட இல்லை. பத்து நாளுக்கு முன்பே சொல்லியிருந்தால் இருந்திருக்கும்.

அதிகாரி நாட்காட்டியைப் பார்த்தார். மூன்று வாரம் தருகிறேன், விடியற்காலை அளவுகளோடு வாருங்கள், இல்லாவிட்டால் பொதுவான வரம்புதான் என்றார். மார்ச் நடுவில் மழை தொடங்கிவிடும். மழை பெய்தால் ஓடையில் தண்ணீர் வந்துவிடும், அளந்து பயனில்லை. ஒரு காய்ந்த பருவத்தையே நான் கிட்டத்தட்டத் தொலைத்துவிட்டேன் என்று அந்த மேசையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

திரும்பி வரும்போது அலுவலகக் காரை அவன்தான் ஓட்டினான். மேலாளர் வேறு வேலையாகப் போய்விட்டார். கொம்தார் கோபுரத்தைத் தாண்டிக்கொண்டிருந்தோம்.

"நல்லவேளை நீங்க பார்த்தீங்கக்கா," என்றான். "நான் மடையன். பிறையில டேங்க் தண்ணியைத்தான் அளந்து பழக்கம். டேங்க்ல பாசி கிடையாதுல்ல. எனக்குத் தோணவே இல்ல."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவன் திட்டியிருந்தால் பதில் வைத்திருந்தேன்.

விடியற்காலை அளவுக்கு இரண்டு பேர் வேண்டும். குழாய்த் தண்ணீர் விழும் இடத்தில் ஒருவர், அதற்குச் சற்றுக் கீழே ஒருவர், ஒரே நேரத்தில். மேலாளர் என்னைப் போகச் சொன்னார். முழங்கால் வலியைக் காரணம் காட்டி ஆறு வருடமாக நான் களத்துக்குப் போனதில்லை. அந்த முறை சரி என்றேன்.

முதல் நாள் ஐந்தரைக்குப் போனேன். அவன் ஏற்கெனவே அங்கே இருந்தான். பாலத்துக்கு அந்தப் பக்கம் எத்தனை மணிக்குக் கிளம்பியிருப்பான் என்று கேட்கவில்லை. பிள்ளைகளை யார் பள்ளிக்கு விடுவார்கள் என்று கேட்டேன். "வைஃப் லேட்டா வேலைக்குப் போறேன்னு எழுதிக் குடுத்திருக்குக்கா, மூணு வாரத்துக்கு" என்றான். எனக்கு அளவுமானியைக் கொடுத்தான். ஒரு கயிற்றின் நுனியில் விரல் நீளக் குச்சி மாதிரி இருக்கும், அதைத் தண்ணீரில் விட்டால் கையிலிருக்கும் பெட்டியில் எண் தெரியும். அவன் மேலே போய்விட்டான். நான் கீழே, ஒரு சின்ன சிமெண்ட் பாலத்தின் ஓரத்தில் கால் வைத்து உட்கார்ந்து, கால் மணிக்கு ஒரு தடவை எண்ணை எழுதினேன்.

எண் இறங்கிக்கொண்டே போனது. ஆறு மணிக்கு முன்பே மிகவும் தாழ்ந்துவிட்டது. கருவி கெட்டுப்போய்விட்டதோ என்று எடுத்து உதறித் திரும்ப விட்டேன். அதே எண்தான். மலைக்கு மேல் வெளுப்பு வந்தபோதுதான் தண்ணீரின் மேல்பரப்பைப் பார்த்தேன். மழைத் துளி விழுவது போலப் புள்ளிப் புள்ளியாக நடுங்கியது. மழை இல்லை. குனிந்து பார்த்தேன். கப்பி மீன்கள். நூற்றுக்கணக்கில் மேலே வந்து, வாயைத் தண்ணீர் மட்டத்தில் வைத்து, திறந்து மூடித் திறந்து மூடி நின்றன. கீழே மூச்சு விட ஒன்றும் இல்லாமல், காற்று தொடும் அந்த மெல்லிய தோலை மட்டும் குடித்துக்கொண்டிருந்தன.

"தம்பி!" என்று கத்தினேன். அவன் ஓடி வந்தான். இரண்டு பேரும் குந்தி உட்கார்ந்து பார்த்தோம்.

"படம் எடுங்கக்கா, படம் எடுங்க. வெளிச்சம் வந்தா கீழ போயிரும்."

கைபேசியில் வீடியோ எடுத்தேன். அந்த ஓடையில் அவன் பார்க்காத ஒன்றை நான் பார்த்துவிட்டேன் என்ற நினைப்பு முதலில் வந்தது. மீன்கள் பிறகுதான் வந்தன. நான் அப்படிப்பட்டவள்தான் என்று அன்று காலை எனக்கே தெளிவாகத் தெரிந்தது.

நாலாவது நாள், எட்டு மணிக்கு வேலை முடிந்து, சாலையோரக் கடையில் பால் விடாத தேநீரான தே-ஓ குடித்துக்கொண்டிருந்தோம். அவன் அளவுமானியின் நுனியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். நான் சொன்னேன்.

"தம்பி, அந்தப் பதினொரு மணி விஷயம் மீட்டிங்லதான் எனக்குத் தெரிஞ்சதுன்னு நினைச்சுக்காத. பன்னிரண்டு நாளைக்கு முன்னாடியே தெரியும்."

அவன் துடைப்பதை நிறுத்தவில்லை. "நான் கேட்டேனேக்கா."

"கேட்ட."

"ஓகேன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"அப்புறம் ஏன்?"

நிறைய யோசித்து வைத்திருந்தேன். வேலை அழுத்தம், மறந்துவிட்டேன், உறுதியாகத் தெரியவில்லை. எல்லாவற்றையும் விட்டுவிட்டு, "நீ நல்லா செய்றதை என்னால பார்த்துக்கிட்டு இருக்க முடியல" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். பக்கத்து மேசையில் யாரோ ரொட்டி சானாய்க்குக் குழம்பு கேட்டார்கள்.

"மேனேஜர் முன்னாடி நான் அசிங்கப்படணும்னு?"

"ஆமா."

"அந்த ஓடை என்னங்க பண்ணுச்சு?"

அக்கா இல்லை. அதை அப்போதே கவனித்தேன். அவன் குச்சியை அதன் உறையில் போட்டு மூடினான். தே-ஓவைக் குடித்து முடித்தான். "நாளைக்கும் அஞ்சரைக்கு வந்துருங்க மேடம். இன்னும் ரெண்டு வாரம் இருக்கு" என்றான். மோட்டாரை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

இரண்டு வாரமும் போனோம். அவன் மேலே, நான் கீழே. எண்களை மட்டும் பேசிக்கொண்டோம். முழங்கால் வீங்கியது, கட்டுப் போட்டுக்கொண்டு போனேன். மாலையில் அலுவலகத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அந்த இரண்டு வாரத்தில் போட்டதுதான் என் வாழ்க்கையிலேயே நல்ல கணக்கு என்று நினைக்கிறேன். வருடம் முழுவதற்கும் ஒரே வரம்பு என்று கேட்டால் எதிர்த்தரப்பு மழைக்காலத்தைக் காட்டி மறுக்கும். அதனால் இரண்டாகப் பிரித்தேன். ஓடையில் தண்ணீர் ஓடும் மாதங்களுக்கு ஒரு வரம்பு, தோட்டக்காரர்கள் இழுத்துக்கொள்ளும் காய்ந்த மாதங்களுக்கு வேறு, மிக இறுக்கமான வரம்பு. அவனிடம் காட்டினேன். ஒவ்வொரு வரியாகப் படித்தான். "இது ஸ்ட்ராங்கா இருக்கு மேடம்" என்றான். தாள்களை அடுக்கித் திருப்பிக் கொடுத்தான்.

இரண்டாவது கூட்டத்தில் கட்டடத் தரப்புப் பொறியாளர் மறுபடியும் லோங்காங் என்று தொடங்கினார். அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினார். அவருக்கு முன்னால் கப்பி மீன்களின் படம் ஓடிக்கொண்டிருந்தது. ஒலி இல்லாத அந்தச் சின்னப் படத்தை இரண்டு தடவை பார்த்தார். யார் எடுத்தது என்று கேட்டார். "மேடம்தான் எடுத்தாங்க. பருவம் பிரிச்ச கணக்கும் அவங்களுதுதான்" என்று அவனே மலாயில் சொன்னான். நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாங்கள் கேட்டது எல்லாம் கிடைக்கவில்லை. அம்மோனியாவுக்கும் ஆக்சிஜனுக்கும் காய்ந்த மாத வரம்பை ஏற்றுக்கொண்டார்கள். கூடுதல் தொட்டி கட்டிய பிறகுதான் புதுக் கட்டடத்துக்கு ஆட்கள் குடிவரலாம் என்று நிபந்தனை போட்டார்கள். பாசியை வளர்க்கும் உரச்சத்துக்கு வரம்பு கேட்டோம். அதைப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவிட்டார்கள். இன்னும் அது தள்ளித்தான் இருக்கிறது.

அறிக்கையின் முகப்பில் அவன் பெயர் முதலிலும் என் பெயர் இரண்டாவதாகவும் வந்தன. மேலாளர் வைத்த வரிசை. அவருக்கு நடந்தது எதுவும் தெரியாது. அவன் சொல்லவில்லை. சொல்லிவிடுவான் என்று நான் பல நாள் காத்திருந்தேன், மேலாளர் அறைக் கதவு சாத்தும்போதெல்லாம் எழுதுவதை நிறுத்திக் கவனிப்பேன். சொல்லவே இல்லை. அந்தப் பெருந்தன்மையையும் நான் பொறாமையோடுதான் பார்த்தேன். அவன் இடத்தில் நான் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

ஒரு நாள் நானே மேலாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டே கேட்டார். முடித்ததும் தலையைத் தூக்கி, அவரிடம் சொல்லிவிட்டீர்களா என்று மட்டும் கேட்டார். சொல்லிவிட்டேன் என்றேன். அப்படியானால் இதில் எனக்கு வேலை இல்லை என்றார். அந்த வருடம் எனக்கு வர வேண்டிய பதவி உயர்வு வரவில்லை. காரணம் கேட்கவில்லை. இப்போது அவன்தான் திட்டத் தலைவன்.

தற்போது கெப்பாலா பத்தாஸ் பக்கம் ஒரு வேலை நடக்கிறது. வயல்களுக்கு நடுவே ஒரு புதுக் குடியிருப்பு, அதன் தண்ணீர் போய் விழப்போவது ஒரு வாய்க்காலில். களம் அவன், கணக்கு நான், தலைமை அவன். அவன் அனுப்பும் அட்டவணைகளை நான் சரிபார்க்கிறேன். போன மாதம் மூன்றாவது பக்கத்தில் ஒரு தவறு கண்டேன். இரண்டு மாதிரிப் புட்டிகளின் எண்கள் இடம் மாறியிருந்தன. கோப்பை மூடாமல் கையில் எடுத்துக்கொண்டு அவன் மேசைக்கு நடந்து போனேன்.

"இதைப் பாருங்க. மாத்திப் போட்டிருக்கீங்க."

அவன் பார்த்தான். "ஆமாலா. தேங்க்ஸ் மேடம்" என்று சொல்லித் திருத்தினான்.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். அவனுடைய தவறைக் கண்டுபிடித்ததில் இன்னும் எனக்கு ஒரு சந்தோஷம் இருக்கத்தான் செய்கிறது.

நாலாவது பக்கத்தைத் திருப்பினேன்.